காற்றா, வண்டா? நம் தோட்டத்துச் செம்பனை சொல்லும் ஆராய்ச்சிக் கதை



விஞ்ஞானம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ராக்கெட்டுதான் நினைவுக்கு வருகிறது. பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், "சார், எரிமலை செய்யிறோம்" என்பார்கள். மண்ணைக் குவித்து நடுவில் சோடா மாவு போட்டுக் காடியை ஊற்றினால் பொங்கிவிடும். ஒவ்வொரு வருஷமும் நான்கைந்து எரிமலைகள் நம் பள்ளியில் பொங்குகின்றன. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எரிமலையை நம் பிள்ளைகளில் ஒருவர்கூட நேரில் கண்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக நிற்கிறதே செம்பனை, அதைத் தினமும் காண்கிறார்கள். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. அது அப்பா வேலை செய்யும் மரம், அவ்வளவுதான்!

அந்த மரத்தைப் பற்றி உலகத்தின் முதல்தரமான விஞ்ஞான ஏடுகளில் ஆராய்ச்சிகள் வெளிவந்திருக்கின்றன. அவற்றில் சில இந்த நூற்றாண்டில்தான் வந்தன. அந்த ஆராய்ச்சிகளை நடத்தியவர்களில் நம் நாட்டவர் பலர். ஒரு காலத்தில் அந்த ஆராய்ச்சியின் இடத்தை நிரப்பியவை நம் வீட்டுப் பெண்களின் கைகள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

செம்பனை இந்த மண்ணுக்குச் சொந்தமான மரமல்ல. மேற்கு ஆப்பிரிக்காக் காட்டு மரம். 1848-ஆம் ஆண்டில் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாத் தீவிலுள்ள போகோர் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அந்த நான்கின் வம்சம் சுமத்ராவுக்கும், 1870-களில் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கும் பரவியது. வெகு காலம் அது அழகுக்கு வளர்த்த மரம்தான். 1917-இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வியாபாரத்துக்காக முதன்முதலில் பயிரிட்டார். (தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது, கவனித்தீர்களா?) அந்தத் துரை பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்ஸ் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசையும் வாங்கிவிட்டார். அது வேறு கதை. 1960-களில் பால் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடுவது வேகம் பிடித்தது. பால் வாளி தூக்கிய கைகள் அரிவாள் பிடிக்கக் கற்றுக்கொண்டன.

இங்கேதான் ஒரு சங்கடம் முளைத்தது.

செம்பனையில் ஆண் பாளை வேறு, பெண் பாளை வேறு. இரண்டும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் ஒரே சமயத்தில் வராது. ஒரு மரம் சில மாதம் பெண் பாளையாகத் தள்ளும், பிறகு சில மாதம் ஆண் பாளையாகத் தள்ளும். ஆகையால் ஒரு மரத்தின் பெண் பூவுக்கு மகரந்தம் வேறொரு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். அதை யார் கொண்டு வருவது? "காற்று" என்றார்கள் பண்டிதர்கள். பாடப் புத்தகத்திலும் காற்று என்றே எழுதினார்கள். செம்பனை மகரந்தம் மாவு மாதிரி லேசாகப் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே தோன்றியது.

காற்றுதான் வேலை செய்கிறது என்றால் காய் ஏன் சரியாகப் பிடிக்கவில்லை? முக்கியமாக, நட்டு மூன்று நான்கு வருஷமான இளம் மரங்களில் ஆண் பாளை மிகக் குறைவு. குலையைப் பிளந்து பார்த்தால் உள்ளே பாதி சப்பை. சில குலைகள் பழுக்காமலே அழுகிப் போயின. சபாவில் நிலைமை இன்னும் மோசம். காற்றை நம்பினால் கதை நடக்காது என்று கண்ட நிர்வாகங்கள், காற்றின் வேலைக்குக் கூலிக்கு ஆள் வைத்தன.

இந்த வேலையைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பாட்டி தாத்தாவைக் கேட்டால் தெரியும். என் பாட்டி அந்த வேலை செய்தவர். அவர் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். ஆண் பாளையைக் கண்டுபிடித்து, தூள் கொட்டாமல் பையைக் கட்டி வெட்டி வரவேண்டும். உதறி, சலித்து, காயவைத்து, முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடர் மாவோடு கலந்துகொள்ள வேண்டும். அதைக் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாக மரம் மரமாகப் போய், மட்டைகளுக்கிடையே குனிந்து, பெண் பாளை விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில சமயம் பாளையின் உறையைக் கத்தியால் கீறிவிட வேண்டும். பூ வெளிர் மஞ்சளாக இருந்தால் புஸ்ஸென்று ஊதலாம். ஊதாவாகக் கறுத்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். பூ மகரந்தம் ஏற்கும் நிலையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மூன்று நாள்தான். அதனால் அதே மரத்துக்கு இரண்டு மூன்று நாளைக்கொரு தரம் திரும்பி வந்தாக வேண்டும். மட்டை முள் கையைக் கிழிக்கும். "மரத்துக்குப் பிரசவம் பாக்குறவ மாதிரி சுத்திக்கிட்டே இருப்போம்டா" என்பார் பாட்டி. வீட்டுக்கு வந்தால் தலைமுடியெல்லாம் மஞ்சள் தூள். சின்னப் பிள்ளையாக இருந்த என் அம்மா, தன் அம்மா தினமும் பவுடர் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்!

இப்படித் தீபகற்பத்திலும் சபாவிலும் எத்தனையோ பேர், பெரும்பாலும் பெண்கள், வருஷக்கணக்கில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் ஊதினார்கள். இது தன்னால் நடக்க வேண்டிய வேலையாயிற்றே, ஆப்பிரிக்காக் காட்டில் யார் குப்பி எடுத்துக்கொண்டு போய் ஊதினார்கள் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத் துரை. அவர் 1950-களில் கேமரூன் நாட்டில் வேலை பார்த்தவர். (நம் கேமரன் மலை அல்ல, மாணவர்களே. இது மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு நாடு.) அங்கே செம்பனைப் பூவைச் சுற்றிச் சிறு வண்டுகள் மொய்ப்பதைக் கண்டிருக்கிறார். அங்கே குலைகள் நன்றாகக் காய் பிடித்திருந்தன. பிறகு சபாவுக்கு வந்தால் குலை சப்பை, வண்டையும் காணோம். அவர் இதைச் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. காற்று என்றுதான் புத்தகத்தில் இருக்கிறதே! எழுபதுகளின் நடுவில் யூனிலீவர் கம்பெனியின் தோட்டப் பிரிவில் பெரிய பொறுப்பு கைக்கு வந்த பிறகுதான், இதை ஆராய்ந்தே தீர்வது என்று ஒருவரை ஏற்பாடு செய்ய முடிந்தது. நல்ல கேள்வி கையில் இருந்தும், நாற்காலி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது பாருங்கள். துரைக்கே அந்தக் கதி என்றால், வெயிலில் ஊதிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, "கிராணி ஐயா, இது காத்து இல்லீங்க" என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

ஆராய வந்தவர் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் டாக்டர் ஆர். ஏ. சையத். 1970-களின் பிற்பகுதியில் கேமரூனில் தங்கி ஆராய்ந்தார். அவர் செய்த சோதனைகளில் ஒன்றை எந்த மாணவனும் புரிந்துகொள்ளலாம். பெண் பாளைக்கு ஒரு பை மாட்டினார். காற்றும் மகரந்தத் தூளும் அதற்குள் புகலாம், பூச்சி மட்டும் புக முடியாது. காற்றுதான் வேலைக்காரன் என்றால் பைக்குள்ளும் காய் பிடிக்க வேண்டும் அல்லவா? பிடிக்கவில்லை! பை மாட்டாத பாளையில் மட்டும் நன்றாகப் பிடித்தது. வெகு காலமாகப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்த காற்றை ஒரு பை கீழே இறக்கிவிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த இடத்தை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் கண்கள் விரிவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்காரன் யார் என்றால், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்பு மூக்கு வண்டு. அதன் விஞ்ஞானப் பெயர் எலைடோபியஸ் கமெருனிகஸ். பெயர்தான் நீளமே தவிர ஆள் எள்ளுக்குச் சற்றுப் பெரியவன். ஆண் பாளை விரிந்ததும் சோம்பு வாசனை வரும். சமையலறையில் அம்மா தாளிக்கிறாரே, அதே சோம்பு வாசனைதான். அந்த வாசனைக்கு வண்டு ஓடி வருகிறது. ஆண் பூவைத் தின்கிறது, அதிலேயே முட்டையிடுகிறது. புழு அந்தப் பூவையே தின்று வளர்ந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வண்டாக வெளியே வருகிறது. உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டியிருக்கும். சரி, பெண் பாளைக்கு ஏன் போகிறது? அங்கே தின்ன ஒன்றுமில்லை. ஆனால் பெண் பாளையும் விரிந்தவுடன் அதே சோம்பு வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு வீசுகிறது. சாப்பாடு இருக்கிறதென்று நம்பிப் போகிறான் நம் ஆள். இலை போட்டிருக்கிறது, சோறு இல்லை. ஏமாந்து திரும்புகிறான். அதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

இப்போது அந்த 1848-ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மரம் கப்பலேறியது, வண்டு ஏறவில்லை. பெண் வந்தாயிற்று, மாப்பிள்ளையும் வந்தாயிற்று, தரகர் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார். தீபகற்பத்தில் இலைப்பேன் என்ற மிகச் சிறிய பூச்சி தரகர் வேலையை அரைகுறையாகச் செய்துவந்தது. சபாவில் அதுவும் போதவில்லை. மிச்சத்தைக் குப்பியும் கையுமாக நம் பாட்டிமார்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டைக் கொண்டு வந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அது அத்தனை சுலபமில்லை. வெளியூர்ப் பூச்சியை விட்டுவிட்டு, அது நெல்லைத் தின்ன ஆரம்பித்தால் யார் பதில் சொல்வது? ஆகவே வேறு பயிர் எதையாவது தொடுகிறதா, நோய் எதையும் சுமந்து வருகிறதா என்றெல்லாம் சோதித்தார்கள். நம் விவசாய இலாகா அதைத் தனிமையில் அடைத்து வைத்துப் பார்த்தது. செம்பனை ஆண் பூவைத் தவிர வேறெதிலும் அது குடும்பம் நடத்தாது என்று உறுதியான பின்தான் அனுமதி கிடைத்தது. 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் முதல் வண்டுகள் விடப்பட்டன. அதே ஆண்டில் சபாவிலும் விட்டார்கள்.

பிறகு நடந்ததைப் பார்த்து அறிஞர்களே திகைத்தார்கள். வண்டு தோட்டத்துக்குத் தோட்டம் தானாகவே தாவிப் போயிற்று. ஓரிரு வருஷத்துக்குள் தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. குலையில் காய்கள் நெருங்கிப் பிடித்தன. 1981-இல் மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய 28 இலட்சம் டன். 1982-இல் அது ஏறக்குறைய 35 இலட்சம் டன். புதிதாக நட்ட மரங்களும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது, ஆனாலும் ஒரே வருஷத்தில் அந்தத் துள்ளல் சாமானியமானதல்ல. 1983-இல் மறுபடி 30 இலட்சம் அளவுக்கு இறங்கியது. அளவுக்கு மீறிக் காய்த்த மரம் களைத்துப் போயிற்று என்றார்கள். தாயும் பிள்ளையும் போலத்தான், மரத்துக்கும் தெம்பு வேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்கு இது என்ன கொண்டு வந்தது? ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "கையால் மகரந்தம் ஊதும் செலவு மிச்சம்" என்று ஒரு வரி வரும். அந்தச் செலவு என்பது என் பாட்டியின் சம்பளம். ஒரு நாள் காலைப் பெரட்டில், இனி பவுடர் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. பாட்டி மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். முதுகில் டின், மூக்கில் ஒரு கைக்குட்டை. பவுடர் வேலையே தேவலை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா குலை வெட்டியவர். குலை கனத்துப் போயிற்று, எண்ணிக்கை குறைந்துபோயிற்று, குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு அதில் என்ன லாபம் என்று அவர் கேட்பார். அது உண்மையும்கூட. காய் அதிகம் பிடித்தால் குலை பெரிதாகும், மரம் தள்ளும் குலைகள் குறையும் என்பதை ஆராய்ச்சியாளர்களும் கண்டு எழுதியிருக்கிறார்கள். இதற்காக வண்டைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. அந்தக் கண்டுபிடிப்பு நாட்டுக்குக் கோடிக்கணக்கில் கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோடியில் ஒரு பங்கு, குப்பி பிடித்த கைகளுக்கும் வேறு ரூபத்தில் திரும்பியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எழுதுவதற்கு எனக்குத் தயக்கமில்லை.

வண்டு கதை பழசாகிவிட்டது, புதுசு ஏதாவது உண்டா என்று கேட்கும் மாணவர்களுக்காக இனிச் சொல்கிறேன்.

செம்பனைப் பழத்தை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் பருப்பு, அதைச் சுற்றி ஓடு, ஓட்டுக்கு வெளியே எண்ணெய்ச் சதை. ஓடு தடிமனாக இருக்கும் ஜாதி டூரா. ஓடே இல்லாத ஜாதி பிசிஃபெரா, அதில் பெரும்பாலும் குலை விளங்காது. ஓடு மெல்லியதாக, சதை அதிகமாக இருப்பது டெனெரா. டூராவைவிட டெனெராவில் எண்ணெய் நூற்றுக்கு முப்பது பங்கு அதிகம் என்பார்கள். இன்று தோட்டங்களில் நடுவது இதைத்தான். டெனெரா என்பது தனி ஜாதியே அல்ல, டூராவுக்கும் பிசிஃபெராவுக்கும் பிறந்த கலப்புப் பிள்ளை என்று பெல்ஜியம் காங்கோவில் பேர்நார்ட் என்ற அறிஞரும் அவருடைய துணைவரும் 1941-இல் எழுதினார்கள். உலகம் யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்த சமயம் அது! ஒரே ஒரு மரபணுதான் ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் முடிவு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. இரண்டும் தடிப்புப் பிரதியானால் டூரா, இரண்டும் மாறிய பிரதியானால் பிசிஃபெரா, ஒன்றுக்கொன்று கலந்தால் டெனெரா.

சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல டெனெரா மரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி முளைக்கவைத்து நட்டால் செலவில்லாமல் டெனெராத் தோட்டம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு மாமா முறையான ஒருவர் அப்படித்தான் செய்தார். டெனெராவும் டெனெராவும் சேர்ந்து பிறந்த விதையில் நாலில் ஒன்று டூராவாகும், நாலில் ஒன்று பிசிஃபெராவாகும், பாதிதான் டெனெராவாக நிற்கும். நாற்றில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பச்சை. மூன்று நாலு வருஷம் உரம் போட்டு வளர்த்து, பழம் வந்து, வெட்டிப் பார்த்தபின்தான் தெரியும். அந்த மரமோ இருபது இருபத்தைந்து வருஷம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

1941-இல் "ஒரு மரபணு" என்று சொன்னார்களே ஒழிய, அது எது, எங்கே இருக்கிறது என்று யாரும் கண்டதில்லை. எழுபது வருஷம் கழித்து, 2013-இல், பாங்கியில் இருக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிஞர்கள் அமெரிக்க அறிஞர்களோடு சேர்ந்து அதைக் கண்டுபிடித்து 'நேச்சர்' என்ற ஏட்டில் வெளியிட்டார்கள். செம்பனையின் மரபணு ஏடு முழுவதையும், 180 கோடி எழுத்துகளையும், அதே சமயத்தில் படித்துக் காட்டினார்கள். அந்தக் குழுவை நடத்தியவர்களில் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, டாக்டர் ரஜீந்தர் சிங் ஆகியோரின் பெயர்கள் முன்னால் நிற்கின்றன. பெண் பிள்ளைகளே, முதல் பெயரை இன்னொரு முறை படியுங்கள்.

இப்போது நாற்றங்காலிலேயே இலையில் ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினால் இது டூராவா டெனெராவா என்று சொல்லிவிடலாம். இந்தச் சோதனையை வைத்து மலேசியச் சிறு தோட்டக்காரர்களின் பக்கம் பார்த்தபோது, டெனெரா என்று நம்பி நட்டவற்றில் நூற்றுக்குப் பத்து அளவு டெனெரா அல்லாதவை கலந்திருந்தது தெரிய வந்தது. விதையை யாரிடம் வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குங்கள்.

2014-இல் அதே குழுவினர் பழத்தின் நிறத்தை ஆளும் மரபணுவையும் கண்டார்கள். நம் தோட்டத்துப் பழம் காயாக இருக்கையில் கறுப்பு, பழுத்தால் கறுஞ்சிவப்பு. உயரத்தில் இருக்கும் குலை பழுத்ததா இல்லையா என்பது வெட்டுகிறவருக்குக் கண்ணால் தெரிவது கஷ்டம், கீழே உதிரிப் பழம் கிடக்கிறதா என்றுதான் பார்ப்பார். இன்னொரு ஜாதி உண்டு, காய் பச்சை, பழம் நல்ல ஆரஞ்சு. அந்த ஜாதி பரவினால் தலை நிமிர்ந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். காயை வெட்டிவிட்டாய் என்று ஏச்சு வாங்குவதும் குறையும்.

கடைசியாக ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அதேபோல் ஆயிரம் மரம் வேண்டும் என்று யாருக்கும் ஆசை வரும். 1970-களில் அறிஞர்கள் செம்பனையின் சிறு துண்டை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அச்சு அசலாகக் கன்றுகள் செய்யக் கற்றார்கள். மலேசியாவில் நட்டும் பார்த்தார்கள். எண்பதுகளில் பேரிடி விழுந்தது. சில கன்றுகள் வளர்ந்து பூத்தபோது பழம் கோணலாக இருந்தது. பழத்தைச் சுற்றிப் போர்வை போர்த்தியதுபோல் கூடுதல் சதை மடல்கள். மோசமானவற்றில் எண்ணெயே இல்லை. தாய் மரம் தங்கம், பிள்ளை இப்படி! எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் மரபணுவில் வித்தியாசமில்லை.

2015-இல் டாக்டர் மெய்லினா ஓங் அப்துல்லாவும் அவருடைய குழுவினரும் விடை கண்டார்கள். அது எழுத்தில் இல்லை, எழுத்தின் மேல் வைக்கும் புள்ளியில் இருந்தது. நமக்கு இது புரிவது சுலபம். 'க' என்று எழுதி மேலே புள்ளி வைத்தால் 'க்'. புள்ளி அகரத்தின் ஓசையை அடக்கிவிடுகிறது. பழைய ஓலைச் சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள், படிக்கிறவர் தடுமாறுவார். செம்பனையில் பூவைச் செய்யும் மரபணு ஒன்றின் நடுவே, வேண்டாத விருந்தாளி போல ஒரு துண்டு புகுந்து கிடக்கிறது. சாதாரணமாக அதன்மேல் இரசாயனப் புள்ளிகள் இருந்து அதை வாயைத் திறக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். குடுவையில் வளர்க்கும்போது சில கன்றுகளில் அந்தப் புள்ளி உதிர்ந்துவிடுகிறது. விருந்தாளி பேச ஆரம்பிக்கிறான், பூவுக்கான வாசகம் குழம்பிப் போகிறது.

அந்தத் துண்டுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? கர்மா! நம்மவர் வைத்ததல்ல, ஜப்பானிய அறிஞர்கள் நெல்லில் இதே வகைத் துண்டைக் கண்டபோது வைத்த பெயர். புள்ளி இருக்கும் கன்று "நல்ல கர்மா", புள்ளி உதிர்ந்த கன்று "கெட்ட கர்மா" என்று இன்று ஆராய்ச்சிக் கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். நம் பாட்டிமார்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்லும் சொல் பாங்கியில் ஆராய்ச்சிக் கூடம்வரை போய்விட்டது. ஒரு சின்ன இலைத் துணுக்கைச் சோதித்தே கெட்ட கர்மாக் கன்றை நடுவதற்கு முன் ஒதுக்கிவிடலாம்.

நம் வண்டுக்குத் திரும்புகிறேன். அண்மை ஆண்டுகளில் சில வட்டாரங்களில் மறுபடியும் காய்ப் பிடிப்பு குறைவதாக ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள். பெண் பாளையே அதிகம் தள்ளும் புது ரகங்களை நட்டதால் வண்டுக்கு முட்டையிட ஆண் பாளை போதவில்லையா, மழையா, வண்டின் வயிற்றில் காணப்படும் நுண்புழுக்களா என்று காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு இன்னும் முடியவில்லை. இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த இலாகாவில் வேலைக்குப் போய்ச் சேர நிறைய நேரம் இருக்கிறது.

மாணவர்களே, அடுத்த சனிக்கிழமை அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்லிக்கொண்டு, பெரியவர் ஒருவர் துணையோடு போய், தாழ்வான மரத்தில் விரிந்த ஆண் பாளையைப் பாருங்கள். காலை வெயில் ஏறிய பிறகு போங்கள். முள் ஜாக்கிரதை, பாம்பு ஜாக்கிரதை. முதலில் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பாருங்கள், சோம்பு வாசனை வரும். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துப் பாளையைத் தட்டினால் கறுப்புப் புள்ளிகள் விழுந்து ஓடும். எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். பூத்து ஓய்ந்த ஆண் கதிரைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழுவும் கிடைக்கும். கண்காட்சிக்கு இந்த முறை எரிமலைக்குப் பதில் இதை வைக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வண்டின் நீளம் இருக்கிறது, மகரந்தத்தின் எடை இருக்கிறது. குப்பி பிடித்து ஊதியவர்களின் பெயர் ஒன்றுகூட நான் பார்த்தவற்றில் இல்லை. உங்கள் வீட்டில் 1981-க்கு முன் அந்த வேலை செய்த அம்மாவோ பாட்டியோ இருந்தால், எந்தத் தோட்டம், எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மரம், என்ன சம்பளம் என்று கேட்டு வாருங்கள். பள்ளி நூலகத்தில் அலமாரிக்குப் பக்கத்து மேசையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பாட்டியின் பெயரை எழுதியாயிற்று. இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது.